லைவ் என்று போட்டால் போதுமா?

கேள்வி: பிரிட்டிஷ் ராக் குழு யெஸ்ஸின் கச்சேரி ஆல்பம் 'கீஸ் டு அசென்ஷன்' கேட்டேன். அறுபதைத் தாண்டிய கிழவர்கள் பழைய பாட்டை வைத்துக் காசு பார்க்க ஒன்றுகூடியதுதானே இது? லைவ் என்று அட்டையில் போட்டுவிட்டு ஸ்டூடியோவில் உட்கார்ந்து சரிசெய்திருக்கிறார்கள். 'மறுபடி ஒன்றுசேர்ந்தோம்' வகை ஆல்பங்களை வாங்குகிறவர்கள் ஏமாளிகள் என்கிறேன். சரியா?
— வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: வயதுக் கணக்கே தப்பு. இந்தக் கச்சேரிகள் நடந்தது 1996 மார்ச் 4, 5, 6 தேதிகளில், கலிஃபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போ நகரத்து ஃப்ரீமாண்ட் தியேட்டரில். மூத்தவரான பாடகர் ஜான் ஆண்டர்சனுக்கு அப்போது 51. பேஸ் கிடார் வாசித்த கிறிஸ் ஸ்குவயருக்கு முதல் நாள் கச்சேரியன்றுதான் 48-வது பிறந்தநாள். கிடார் வாசித்த ஸ்டீவ் ஹௌவுக்கும் 48. கீபோர்டு ரிக் வேக்மேனுக்கும் டிரம்மர் ஆலன் ஒயிட்டுக்கும் 46. ஐந்து பேர் வயதையும் கூட்டி வகுத்தால் ஐம்பதைக்கூடத் தொடாது. நம் ஊரில் கச்சேரி மேடைக்கு இது வாலிபம்.

காசுக்காகவா? ஆமாம். 1972-லும் காசுக்காகத்தான் விற்றார்கள், யாரும் இலவசமாக விநியோகிக்கவில்லை. இந்த ஐவர் மட்டுமே சேர்ந்து மேடை ஏறியது 1979-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. நடுவில் 1991-ல் 'யூனியன்' சுற்றுப்பயணத்தில் எட்டுப் பேரை ஒரே மேடையில் நிறுத்தினார்கள். அங்கே இந்த ஐவரும் இருந்தார்கள், ஆனால் கூட்டத்தோடு கூட்டமாக. அதை ஒன்றுசேர்ந்தது என்று சொல்வதைவிட நெரிசல் என்று சொல்லலாம்.

உங்கள் கேள்வியில் உருப்படியானது இரண்டாவது பாதி. லைவ் ஆல்பத்தில் எதைச் சரிசெய்ய முடியும், எதை முடியாது என்று தெரிந்துகொண்டால், ஏமாந்தோமா என்பதை நீங்களே காதால் தீர்மானிக்கலாம்.

மேடையில் ஒவ்வொரு மைக்கிலிருந்தும் வருகிற ஒலியை ஸ்ப்ளிட்டர் இரண்டாகப் பிரிக்கும். ஒரு கிளை அரங்கத்து ஒலிபெருக்கிகளுக்குப் போகும், இன்னொன்று பதிவு செய்யும் கருவிக்கு. அங்கே டிரம்ஸ், பேஸ், குரல் எல்லாம் தனித்தனி டிராக்கில் (ஒலித்தடத்தில்) விழும். பேஸ் கிடாரும் கீபோர்டும் டிஐ பாக்ஸ் என்ற இணைப்புப் பெட்டி வழியாக, மைக் இல்லாமல் ஒயரிலேயே போவதால், அந்த டிராக்குகளில் பக்கத்துச் சத்தம் துளியும் இருக்காது. ஸ்குவயர் ஒரு நோட்டைத் தவறவிட்டிருந்தால், பிறகு ஸ்டூடியோவில் அந்த அரை விநாடியை மட்டும் வாசித்து ஒட்டலாம். இதைப் பஞ்ச்-இன் என்பார்கள். நல்ல இன்ஜினியர் ஒட்டினால் யாருக்கும் தெரியாது.

குரல் அப்படி இல்லை. பாடகரின் மைக்கில் பின்னாலிருக்கும் சிம்பல் (டிரம்ஸோடு இருக்கும் உலோகத் தட்டு), பாடகர் தன் குரலைக் கேட்க முன்னால் வைத்த மானிட்டர் ஸ்பீக்கர் எல்லாமே கசியும். போதாததற்கு, ஒலிபெருக்கியிலிருந்து அரங்கத்துக்குள் போன பழைய குரல் ரசிகர்கள் பக்கம் வைத்த மைக்குகளிலும் ஏறியிருக்கும். குரல் டிராக்கை மட்டும் மாற்றினால் பழைய குரல் ஆவியாக அங்கங்கே கேட்கும். அதனால் பாடும் நேரத்தில் அந்த மைக்குகளை இறக்கிவிட்டு, பாட்டு முடிந்ததும் ஏற்றுவார்கள். தூரமும் ஒரு தலைவலி. ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும், அதாவது மீட்டருக்கு ஏறத்தாழ 3 மில்லி விநாடி. மேடையிலிருந்து 20 மீட்டர் தள்ளி வைத்த மைக்கில் எல்லாம் 58 மில்லி விநாடி தாமதமாக விழும். அப்படியே கலந்தால் ஒவ்வொரு அடியும் இரட்டையாகக் கேட்கும். ஆகவே ஒட்டுவேலையே செய்யாதவர்கள்கூட இந்த டிராக்கை முன்னால் நகர்த்துவார்கள், அல்லது குறைப்பார்கள். கைதட்டல் குறைவாக இருப்பது மட்டுமே மோசடிக்கு ஆதாரமாகிவிடாது.

டிரம்ஸை மாற்றுவது ஏறக்குறைய நடக்காத காரியம். அது எல்லா மைக்கிலும் கசிந்திருக்கும், ஒன்றை மாற்றினால் பத்தை மாற்ற வேண்டும். எந்த லைவ் ஆல்பத்திலும் நம்பகமான சாட்சி டிரம்மர்தான்.

இப்போது ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு 'சைபீரியன் கத்ரு' பாட்டைப் போடுங்கள். ஆண்டர்சன் பாடும் வரிகளில் சிம்பலின் விரிவு எப்படி இருக்கிறது, அவர் நிறுத்தும்போது எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள். உண்மையான மேடை மைக்கைப் பாடும்போது ஏற்றி, நிறுத்தும்போது இறக்கியிருந்தால் குரலோடு சேர்ந்து சிம்பலும் கொஞ்சம் முன்னால் வரும், குரல் நின்றால் பின்வாங்கும். குரல் வந்தும் போயும் சிம்பல் அசையாமல் ஒரே இடத்தில் இருந்தால், அந்தக் குரல் வேறு அறையில் பிறந்தது என்று சந்தேகிக்கலாம். அடுத்து மூன்று குரல்கள் சேரும் இடங்கள். ஸ்குவயர் கடினமான பேஸ் வரியை வாசித்துக்கொண்டே பாடியவர், ஹௌ கிடார் மாற்றிக்கொண்டே பாடுகிறவர். மூவரும் ஒரு சொல்லின் கடைசி மெய்யெழுத்தை ஒரே கணத்தில் முடிக்கிறார்கள் என்றால், அவ்வளவு ஒழுக்கம் மேடையில் அபூர்வம். கடைசியாக ரசிகர்கள். பாட்டு நடக்கும்போது செத்த அமைதி, முடிந்த கணத்தில் யாரோ கதவைத் திறந்துவிட்டதுபோல ஆரவாரம். கீஸ் டு அசென்ஷனில் இது திரும்பத் திரும்ப நடக்கிறது. ஒட்டியிருக்கிறார்கள் என்பதில் எனக்கும் உங்களுக்கும் சண்டை இல்லை.

சண்டை எங்கே என்றால், நீங்கள் அதை ஏமாற்று என்கிறீர்கள், நான் அதை விரயம் என்கிறேன். இருபது வருஷம் கழித்து அதே பாட்டை வாசிக்கும்போது கையும் தொண்டையும் என்னவாகியிருக்கிறது என்பதுதான் இத்தகைய ஆல்பத்தின் சரக்கே. அதை மெழுகிவிட்டால் 1970-களின் ஸ்டூடியோ பதிவுக்கு ஒரு நகல்தான் கிடைக்கும். அதற்கு மூலமே வீட்டில் இருக்கிறதே.

மெழுகாமல் விட்டால் எப்படியிருக்கும் என்று பார்க்க வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர் என்ற இன்னொரு பிரிட்டிஷ் குழுவின் 'ரியல் டைம்' கேளுங்கள். 2005 மே 6, லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹால், ஒரே இரவு, முழுக் கச்சேரி. வெளியானது 2007-ல். பாடகர் பீட்டர் ஹாமில் 2003 டிசம்பரில் மாரடைப்பிலிருந்து பிழைத்தவர். அந்தத் தொண்டை 'மேன்-எர்க்' பாட்டில் கிழிகிற இடத்தில் கிழிகிறது, அதை யாரும் தைக்கவில்லை. பேஸ் கிடாரே கிடையாது, ஹியூ பான்டன் ஆர்கனின் கால் கட்டைகளிலேயே பேஸை வாசிக்கிறார். டேவிட் ஜாக்சன் இரண்டு சாக்ஸபோனை ஒன்றாக வாயில் வைத்து ஊதுகிறார். பிசிறுகள் உண்டு. அந்தப் பிசிறுகளுக்காகவே வாங்கலாம். 'ஏமாளிகள்' என்ற உங்கள் பொதுத் தீர்ப்பு இந்த ஒரு ஆல்பத்திலேயே அடிபட்டுப் போகிறது.

யெஸ் ஆல்பத்தையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். நம்பகமான சாட்சி டிரம்மர் என்றேனே, ஆலன் ஒயிட்டைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள். கீஸ் டு அசென்ஷன் இரண்டு தொகுப்புகளாக வந்தது, இரண்டிலும் சேர்த்து மேடைப் பாடல்கள் 13. அதில் 8 பாடல்களை முதலில் ஸ்டூடியோவில் வாசித்தவர் யெஸ்ஸின் முந்தைய டிரம்மர் பில் புரூஃபர்டு. அவர் 1972-ல் விலகியதும், சுற்றுப்பயணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது ஒயிட் அந்த இடத்துக்கு வந்தார். புரூஃபர்டின் ஸ்நேர் (கூர்மையாக ஒலிக்கும் சிறு டிரம்) அடி வறண்டு, கூர்மையாக, எதிர்பாராத இடத்தில் விழும். ஒயிட் அதே கணக்கை அகலமான, கனமான அடியாக மாற்றுகிறார். 'க்ளோஸ் டு தி எட்ஜ்' ஆரம்பத்துக் கலவரத்தில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். 24 வருஷப் பழக்கத்தில் கடன் வாங்கிய பாட்டு சொந்தப் பாட்டாகியிருக்கிறது.

'தி ரிவீலிங் சயின்ஸ் ஆஃப் காட்' இன்னொரு காரணம். 1973-ல் வந்த 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்' இரட்டை இசைத்தட்டின் முதல் பக்கம் அது. அந்த ஆல்பம் பிடிக்காமலேயே 1974-ல் குழுவை விட்டுப் போனவர் வேக்மேன். அதே மனிதர் இங்கே இருபதரை நிமிஷமும் உட்கார்ந்து வாசிக்கிறார், கடனே என்று வாசிக்கவில்லை. 'அவேக்கன்' 1977-ல் பதினைந்தரை நிமிஷம். இங்கே பதினெட்டரை. கூடிய மூன்று நிமிஷமும் வீண் இல்லை, நடுப்பகுதி மூச்சு விடுகிறது. ஆனால் மூலத்தில் கேட்கும் பைப் ஆர்கன் ஸ்விட்சர்லாந்தின் வெவே ஊர்த் தேவாலயத்துடையது, தொலைபேசிக் கம்பி வழியாக மாண்ட்ரோ ஸ்டூடியோவுக்கு வந்தது. கீபோர்டில் அந்த ஆழத்தை எதிர்பார்க்காதீர்கள். 'ரவுண்டபௌட்'டைத் தாண்டிப் போகலாம், நஷ்டமில்லை.

நீங்கள் கோபப்பட வேண்டியது பேக்கிங்கைப் பார்த்து. ஒரே கச்சேரித் தொடரின் சரக்கை இரண்டாக வெட்டி, 1996 அக்டோபரில் ஒன்று, 1997 நவம்பரில் ஒன்று என்று விற்றார்கள். இரண்டிலும் புதிய ஸ்டூடியோ பாடல்களைச் சொருகினார்கள், முதலாவதில் 2, இரண்டாவதில் 5. ஒழுங்காகத் தனி ஆல்பமாக வந்திருக்க வேண்டிய அந்த ஏழும் கச்சேரிக்கு வாலாகிவிட்டன. வேக்மேனுக்கு இதில் வருத்தம், அவர் இரண்டாவது தொகுப்பு வருவதற்குள் வெளியேறிவிட்டார். அதே நவம்பரில் அவர் இல்லாத யெஸ் 'ஓபன் யுவர் ஐஸ்' என்று இன்னொரு ஆல்பத்தையும் கடைக்கு அனுப்பியது. தன் சரக்குக்குத் தானே போட்டி.

இதற்கு வைத்தியம் சுலபம். இரண்டு தொகுப்பிலிருந்தும் மேடைப் பாடல்கள் 13-ஐ மட்டும் எடுத்து ஒரே பட்டியலாக்குங்கள். முதலில் 'சைபீரியன் கத்ரு'. நடுவில் இரண்டாம் தொகுப்பின் ஆறையும் செருகுங்கள், ஆனால் 'ரிவீலிங் சயின்ஸ்', 'க்ளோஸ் டு தி எட்ஜ்', 'அவேக்கன்' மூன்றையும் அடுத்தடுத்து வைக்காதீர்கள், காது களைத்துவிடும். இடையில் 'ஆன்வர்ட்', 'டர்ன் ஆஃப் தி செஞ்சுரி' போன்ற மென்மையானவை வரட்டும். கடைசி 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்'. மொத்தம் 2 மணி 24 நிமிஷம் வரும். ஸ்டூடியோ பாடல்கள் ஏழையும் 2001-ல் 'கீஸ்டூடியோ' என்று ஒரே சிடியாக விட்டார்கள். அதில் 'மைண்ட் டிரைவ்' பதினெட்டரை நிமிஷம், அதிலிருந்து தொடங்குங்கள். வீடியோவை வாங்க வேண்டாம். வாசிக்கும் கைகளைப் பார்க்க விடாமல் மேலே கணினி வண்ணங்களை அப்பியிருக்கிறார்கள்.