நேட்டால் கல்லறைகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பணி நிமித்தம் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து இங்கேயே மணம் செய்துகொண்டவன் நான். என் மனைவியின் முன்னோர் 1860களில், டர்பனை உள்ளடக்கிய அன்றைய பிரிட்டிஷ் காலனியான நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்தவர்கள். ஐந்து தலைமுறைக்கு வம்சாவளி தயாரித்து இத்துடன் இணைத்துள்ளேன். நகருக்கு வடக்கே, கரும்புத் தோட்டம் ஒன்றின் நடுவே அவர்களுடைய பழைய இடுகாடு இருக்கிறது. பதினேழு மேடுகளில் மூன்றில் மட்டுமே எழுத்து உண்டு. கரும்பு ஆண்டுக்காண்டு நெருங்கி வருகிறது. அருகில் குடியிருக்கும் ஜூலு இன மூதாட்டி ஒருவர்தான் இடத்தைப் பெருக்கி வைக்கிறார். வட ஆற்காட்டில் அவர்களுடைய பூர்வீக ஊரையும் குலத்தையும் கண்டறிய மரபணுப் பரிசோதனை உதவுமா?

ஆர்., டர்பன்

அன்புள்ள ஆர்.,

மரபணுப் பரிசோதனை ஊர்ப்பெயரைச் சொல்லாது; அதில் காசைக் கரைக்க வேண்டாம். ஊர் வேண்டுமானால் கப்பல் பட்டியலைப் பாருங்கள். சென்னையிலிருந்து 342 பேருடன் புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் கரைசேர்ந்த ட்ரூரோ கப்பல் தொடங்கி, 1911 வரை வந்திறங்கிய 1,52,184 பேருக்கும் ஆளுக்கோர் எண் உண்டு. அந்த எண்ணுக்கு நேரே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உடல் அடையாளம் எல்லாம் இருக்கும். காதில் விழுந்ததை எழுத்தர் ஆங்கிலத்தில் எழுதிவைத்தவை என்பதால், ஊர்ப்பெயரை நாலைந்து விதமாக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால்தான் பிடிபடும். குலத்தைப் பற்றி நான் பேசப்போவதில்லை. கடல் தாண்டியவர்கள் எதையெல்லாம் துறைமுகத்தில் விட்டுச் சென்றார்களோ, அதைப் போய்ப் பொறுக்கிக்கொண்டு வருவானேன்?

உங்கள் வம்சாவளியை இரண்டு முறை படித்தேன். உழைப்பு தெரிகிறது. ஆனால் பதினொரு ஆண்களின் பெயர் இருக்கும் அந்தத் தாளில் ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை. நான்கு இடங்களில் அடைப்புக்குறிக்குள் ‘மனைவி’ என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனைவியின் குடும்ப வரலாற்றில் உங்கள் மனைவியின் பெயரே இல்லை என்பதை நீங்கள் கவனித்தீர்களா? மனிதரைச் சரக்காக எண்ணி இறக்கிய அந்தக் கப்பல் பட்டியல்கூடப் பெண்ணுக்குத் தனி எண்ணும் தனிப் பெயரும் தந்திருக்கிறது. கணவன் துணையில்லாமல் வந்தவளும் அதில் இருக்கிறாள். ஒப்பந்தம் முடிந்தும் நாடு திரும்பாதவர்கள்மீது 1895இல் மூன்று பவுன் வரிக்குச் சட்டம் போட்ட நேட்டால் அரசு, பின்னர் அதைப் பிள்ளைகளுக்கும் நீட்டியபோது பதின்மூன்று வயதுச் சிறுமியைத் தனி ஆளாகக் கணக்கிட்டது. கூலியை நிர்ணயிக்கையில் பெண்ணை அரை ஆளாக்கிய அரசுதான் அது. வரி கேட்டவனுக்கு இருந்த கணக்கு வீட்டு மருமகனுக்கு இல்லாமல் போனதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பெயர் கிடைக்கவில்லை என்று சொல்லாதீர்கள், நீங்கள் கேட்கவில்லை.

இதைச் சொல்ல எனக்குத் தகுதியுண்டா என்பது வேறு விஷயம். எங்கள் சாதியில் புதைப்பதுதான் வழக்கம். பெண்கள் இடுகாட்டுக்கு வருவதில்லை. என் அம்மாவுக்கு எழுபது வயதானபோது, இடுகாட்டின் ஓரமாகச் சாலை வரப்போகிறது என்று கேள்விப்பட்டு, தன் தாயைப் புதைத்த இடத்தை ஒருமுறை காட்டும்படி என்னிடம் கேட்டார். வீட்டிலிருந்து அரை மைல்தான். ஐம்பது ஆண்டுகளாக அவர் அங்கே போனதில்லை. அழைத்துப் போனேன். அம்மாச்சிக்கு மூன்றாம் நாள் பால் தெளிக்கப் போன ஆண்களில் உயிரோடிருந்த தாய்மாமா இரண்டு வெவ்வேறு இடங்களைக் காட்டினார். வெட்டியானும் இறந்துவிட்டிருந்தார். அவருடைய மனைவிதான், புருஷனுக்குச் சோறு கொண்டுவந்த பழக்கத்தில், மொட்டைப் பனையிலிருந்து அடியெண்ணி நடந்து ஒரு வேலிகாத்தான் புதரருகே நின்று, “இதுதாம்மா, மழைக்காலம், குழியில தண்ணி ஊறிச்சு” என்றார். அம்மா அதன்பின் எதுவும் பேசவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மாளின் பெயரை நான் அன்றைக்குக் கேட்டுக்கொள்ளவில்லை. பிறகு விசாரித்தபோது ஊரில் எல்லோரும் ‘வெட்டியான் பொண்டாட்டி’ என்றே சொன்னார்கள்.

ஆகவே உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது, நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன அந்த ஜூலு மூதாட்டி. எதற்காகப் பெருக்குகிறார், யார் சொல்லிப் பெருக்கினார், அவருடைய தாயும் பெருக்கினாரா என்று எதுவுமே கேட்காமல் படம் எடுத்துக்கொண்டு திரும்பியிருக்கிறீர்கள். எழுத்தில்லாத பதினான்கு மேடுகளில் எது யாருடையது என்று சொல்லக்கூடியவர் ஒருவர் இருந்தால் அது அவராக இருக்கலாம்.

இடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. உள்ளாட்சியின் பொறுப்பில் இல்லாத, அறுபது ஆண்டுக்கு மேற்பட்ட கல்லறைகளை அனுமதியின்றிச் சேதப்படுத்துவதையும் அகற்றுவதையும் தென்னாப்பிரிக்காவின் 1999ஆம் ஆண்டு மரபுச் சின்னச் சட்டம் தடுக்கிறது. தோட்டக்காரருக்கு அதை எழுத்தில் தெரிவியுங்கள். சாய்வெயிலில் படம் எடுங்கள். கல்லைச் சுரண்டவோ சுண்ணாம்பு தேய்க்கவோ வேண்டாம். ஒவ்வொரு மேட்டுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து வரைபடம் போடுங்கள். அடுத்த முறை உங்கள் மாமியாரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். வழக்கமில்லை என்று யாராவது சொன்னால், பதில் சொல்லாமல் அவருக்கு ஒரு நாற்காலியை எடுத்துக் காரில் வையுங்கள். மூதாட்டியின் பெயரை முதலில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.