கேள்வி நேரம்: ஹேக் நகரத்துக்குப் போகும் மகள்

கேள்வி: என் மகள் இங்கிலாந்தில் சட்டம் படிக்கிறாள். விடுமுறையில் தோழிகளோடு நெதர்லாந்து போய், ஹேக் நகரத்தில் இருக்கும் அனைத்துலக நீதிமன்றங்களைப் பார்க்க வேண்டும் என்கிறாள். "கட்டடத்தைப் பார்க்கவா இவ்வளவு காசு?" என்று கேட்கிறார் என் கணவர். அனுப்பலாமா? – ஒரு தாயார், செபராங் ஜெயா

பதில்: அனுப்புங்கள் அம்மா. ஆனால் உங்கள் கணவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. விசாரணை நடக்காத நாளில் போனால் கட்டடத்தைத்தான் பார்க்க முடியும். நாடுகளின் வழக்குகளை விசாரிக்கும் அனைத்துலக நீதிமன்றம் இயங்கும், 1913-இல் திறந்த அமைதி அரண்மனை அழகானதுதான், ஆனால் அதன் படத்தை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். அதனால் முதலில் விசாரணை நாள்களைப் பார்த்து, அதற்கேற்றபடி டிக்கெட் எடுக்கச் சொல்லுங்கள்.

நான் லைடனில் முதுகலை படித்தபோது, 2007 நவம்பரில், அங்கே நம் வழக்கே நடந்தது. பத்து பூத்தே தீவு மலேசியாவுக்கா, சிங்கப்பூருக்கா என்பது வழக்கு. லைடனிலிருந்து ஹேக் ரயிலில் கால் மணி நேரம்தான். முதல் நாள் கடப்பிதழின் நகலை மட்டும் எடுத்துப் போனேன். வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அறைக்கு வந்து அசலை எடுத்துக்கொண்டு போவதற்குள் காலை அமர்வு முடிந்துவிட்டது. குளிரை விட அந்த அமர்வை இழந்ததுதான் வலித்தது. உங்கள் மகள் அசல் கடப்பிதழைக் கையில் வைத்திருக்கட்டும்.

உள்ளே போனதும் வியப்பு. பினாங்கு லைட் ஸ்திரீட் உயர்நீதிமன்றத்தில் வழக்கறிஞர்கள் எழுந்து ஆட்சேபிப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அங்கே அப்படி எதுவும் இல்லை. கறுப்பு அங்கியும் கழுத்தில் வெள்ளை லேஸும் அணிந்த நீதிபதிகள் நீண்ட மேசையின் பின்னால் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். வழக்கறிஞர்கள் மணிக்கணக்காக வாசித்தார்கள். எனக்குத் தூக்கமே வரவில்லை, ஏனென்றால் அவர்கள் வாசித்ததெல்லாம் பழைய கடிதங்கள்.

அதில் ஒன்று 1953-இல் எழுதியது. பத்து பூத்தே பாறையின் நிலை என்ன என்று சிங்கப்பூர் கேட்கிறது. ஜொகூர் அரசின் தற்காலிகச் செயலாளர், ஜொகூர் அதற்கு உரிமை கோரவில்லை என்று சுருக்கமாகப் பதில் எழுதுகிறார். அவருக்கு அப்படி எழுத அதிகாரமே இல்லை என்று மலேசியா வாதாடியது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2008 மே 23 அன்று 12-க்கு 4 என்ற வாக்கில் பத்து பூத்தே சிங்கப்பூருக்குப் போனது. அருகிலுள்ள மிடல் ராக்ஸ் பாறைகள் நமக்கு வந்தன. மலேசியக்காரியாக அன்று எனக்கு மனம் கனத்தது. அந்தச் செயலாளர் வேறு பத்து கடிதங்களோடு இதையும் கையெழுத்திட்டு அனுப்பியிருப்பார் என்று பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று ஜார்ஜ்டவுனில் நிலத் தகராறு என்று யார் வந்தாலும், "வீட்டில் பிஸ்கட் டின்னில் தாத்தா வைத்த காகிதங்கள் இருந்தால் அப்படியே கொண்டு வாருங்கள், ஒன்றையும் வீசாதீர்கள்" என்பேன். அந்தப் பழக்கம் ஹேக்கில் வந்தது. அதனால் மகளிடம் சொல்லுங்கள்: போவதற்கு முன் ஒரே ஒரு வழக்கின் தீர்ப்பையாவது முழுதாகப் படிக்கட்டும். அப்புறம் போய் உட்காரட்டும்.

கேள்வி: அந்த நீதிமன்றங்களில் நம் தமிழர் யாராவது நீதிபதியாக இருந்திருக்கிறார்களா? – கல்லூரி மாணவி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: நவநீதம் பிள்ளையைத் தெரிந்துகொள்ளுங்கள் தங்கச்சி. நம்மவர்கள் ரப்பர் தோட்டங்களுக்கு வந்ததுபோல் தென்னாப்பிரிக்காவின் கரும்புத் தோட்டங்களுக்கும் தமிழர்கள் போனார்கள். அந்த வழி வந்தவர் அவர். டர்பனில் பேருந்து ஓட்டுநரின் மகள். ருவாண்டா படுகொலையை விசாரித்த தீர்ப்பாயத்தில் 1995 முதல் நீதிபதி. பாலியல் வன்கொடுமையும் இனப்படுகொலைக் குற்றமாகலாம் என்று 1998-இல் தீர்ப்பளித்த மூவரில் அவரும் ஒருவர். ஓர் அனைத்துலக மன்றம் அப்படிச் சொன்னது அதுவே முதல் முறை. 2003-இலிருந்து 2008 வரை அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்தில் இருந்தார். நான் பத்து பூத்தே விசாரணையில் உட்கார்ந்திருந்த நாள்களில் அவர் அதே ஊரில்தான் பணியில் இருந்தார். அப்போது எனக்கு அது தெரியாது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

இரண்டு நீதிமன்றங்களையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அமைதி அரண்மனையில் நாடும் நாடும் வழக்காடும். குற்றவியல் நீதிமன்றத்தில் குற்றவாளிக் கூண்டில் நிற்பது தனி மனிதர். மலேசியா 2019 மார்ச்சில் அதில் சேர்ந்து, அடுத்த மாதமே பின்வாங்கிவிட்டது.

கேள்வி: சிப்பாடான் தீவை மட்டும் நாம் எப்படி வென்றோம்? – வாசகர், செந்தூல்

பதில்: ஆமை முட்டையால்! 2002 டிசம்பர் 17 தீர்ப்பைப் படித்துப் பாருங்கள் ஐயா. சபாவை ஒட்டிய சிப்பாடான், லிகித்தான் தீவுகள் மலேசியாவுக்கா, இந்தோனேசியாவுக்கா என்பதை எந்த ஒப்பந்தமும் தெளிவாகச் சொல்லவில்லை. சரி, அங்கே நிர்வாகம் செய்தது யார் என்று நீதிமன்றம் பார்த்தது. சபாவை ஆண்ட பிரிட்டிஷார் 1917-இலேயே ஆமை முட்டை சேகரிப்புக்கு விதி போட்டிருந்தார்கள். 1933-இல் சிப்பாடானைப் பறவைக் காப்பகமாக்கினார்கள். 1960-களில் இரு தீவுகளிலும் கலங்கரை விளக்கங்கள் எழுந்தபோது இந்தோனேசியா ஒரு வார்த்தையும் எதிர்த்துச் சொல்லவில்லை. 16 நீதிபதிகள் நம் பக்கம், ஒருவர் மட்டும் எதிர்ப்பு.