ஆளைக் கண்டால் அலறும் கோழி: ஏமாந்துவிட்டேனா?

கேள்வி: களக்காட்டில் வாழைத்தோட்டத்தை ஒட்டி எங்கள் வீடு. வேனில் வந்தவரிடம் வெள்ளைக் கோழி பத்து வாங்கினேன். "தரையில் வளர்ந்த இளங்கோழி, இப்பதான் முட்டைக்கு வருது" என்றார். தீவனச் சட்டியோடு உள்ளே போனாலே எல்லாம் அலறி, ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. நேற்று அடியில் சிக்கி ஒன்று செத்தேபோனது. பக்கத்து வீட்டு மைனி, "வெள்ளைக்கோழி புத்தியே அதான், செவலையா வாங்கு" என்கிறார். அதுதான் சரியா?
(வாசகி, களக்காடு)

பதில்: முதலில் ராத்திரி இருட்டில் ஒரு கோழியை மெல்லப் பிடித்து, டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். நகம் நீண்டு வளைந்திருக்கிறதா? தீவனத் தொட்டிக் கம்பியில் உரசிக் கழுத்து இறகு தேய்ந்திருக்கிறதா? அப்படியானால் கம்பிக்கூண்டில் நின்ற கோழி. அலகு நுனி வெட்டியிருப்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள், தரையில் வளர்ப்பவர்களும் வெட்டுவதுண்டு. வயதைக் கால் சொல்லிவிடும். முட்டைக்கு வரப்போகும் வெள்ளைக் கோழிக்குக் கால் நல்ல மஞ்சளாக இருக்கும். மாதக்கணக்கில் முட்டையிட்டால் அந்த மஞ்சள் கருவுக்குப் போய்க் கால் வெளுத்துவிடும். வெளுத்த கால் என்றால், பண்ணையில் ஒன்றரை வருடம்போல முட்டையிட்டுக் கழித்துவிட்ட கோழியை இளங்கோழி என்று உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்.

மைனி சொல்வது பாதி சரி. வெள்ளைக் கோழிகள் லெகார்ன் என்ற முட்டைக்கோழி இனத்தின் வழி வந்தவை. உடம்பு லேசு, சட்டென்று பறக்கும். செவலைக் கலப்பினங்கள் பொதுவாக ஆளிடம் தாமாகவே நெருங்கும். பயம் வம்சத்தில் வருவதுதான்; தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிச் சேர்த்தால் கூட்டவும் முடியும், குறைக்கவும் முடியும். ஆனால் நிறத்தை மட்டும் பார்த்து வாங்கினால் மறுபடியும் ஏமாறுவீர்கள், வளர்ந்த இடத்தைப் பொறுத்தும் பயம் மாறும். கோழியை மல்லாக்கக் கிடத்திச் சில நொடி பிடித்துவிட்டால் செத்ததுபோலக் கிடக்கும். எழ எவ்வளவு நேரமாகிறது என்பதை வைத்து ஆய்வாளர்கள் பயத்தை அளக்கிறார்கள். அப்படி அளந்ததில் தரையில் வளர்ந்தவற்றைவிடக் கூண்டுக் கோழிகள் அதிக நேரம் கிடந்தன. கூண்டிலும் மேலடுக்குக் கோழிகள் கீழடுக்கைவிட அதிக நேரம். (நீங்கள் இதைச் செய்து பார்க்க வேண்டாம், இருக்கிற பயம் போதும்.) 

அதனால் அடுத்த முறை இனத்தை விசாரிக்கும்போதே, குஞ்சிலிருந்து பதினாறு வாரம்வரை எங்கே, எப்படி வளர்ந்தது என்றும் கேளுங்கள். முதல் சில வாரங்களில் ஆளைப் பார்த்து, மென்மையாகக் கையாளப்பட்டு, ஏறி உட்காரக் கட்டையும் கிளற மண்ணும் கிடைத்த குஞ்சு பிறகு அவ்வளவு அரளாது. முடிந்தால் பகலில் நேரில் போய்க் கொட்டகை வாசலில் அசையாமல் நில்லுங்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டு மூன்றாவது உங்களை எட்டிப்பார்க்க வர வேண்டும். எல்லாம் எதிர்ச்சுவரோடு ஒட்டியே நின்றால் பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள். கொல்லைப்புறத்துக்குக் கிராமப்பிரியா நல்ல தேர்வு. ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி நிறுவனம் வீட்டு வளர்ப்புக்கென்றே உருவாக்கியது. சந்தேகம் இருந்தால் நெல்லையை அடுத்த ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேட்டுப் பாருங்கள்.

இருக்கிற ஒன்பதுக்கு: இன்றே மூலைகளைப் பலகை வைத்து வளைவாக அடையுங்கள், ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்குவது குறையும். தீவனம் போடுவது ஒரே ஆளாக இருக்கட்டும். உள்ளே நுழையுமுன் குரல் கொடுங்கள். உட்காரும் கட்டையைத் தாழ்வாகக் கட்டுங்கள், கூண்டுக் கோழிக்கு ஏறத் தெரியாது. சில வாரத்தில் அடங்கும். ஆனால் குஞ்சிலிருந்து வளர்த்த கோழிபோலக் காலைச் சுற்றாது.

பணம்? ரசீது இல்லை என்றாலும் ஜிபே பதிவு, வாட்ஸ்அப் பேச்சு இரண்டையும் அழிக்காதீர்கள். அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள், மழுப்பினால் நுகர்வோர் உதவி எண் 1915. பத்துக் கோழிக்காக நுகர்வோர் ஆணையத்துக்கு அலைவது, என்னைக் கேட்டால், கட்டுப்படியாகாது.