பழைய ஆட்டோமேட்டிக் காருக்கு கியர் ஆயில் மாற்றலாமா? கேள்வி பதில்

பழைய ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்களிடம் கேள்வி கேட்டிருந்தேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே பயம்தான் தெரிகிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கோயம்புத்தூர்: அண்ணா, என்னிடம் இருப்பது 2010 ஹோண்டா சிட்டி ஆட்டோமேட்டிக். 1,10,000 கி.மீ. ஓடியிருக்கிறது, நான் இரண்டாவது ஓனர். கியர்பாக்ஸ் ஆயில் மாற்றியதாக ஒரு பில்கூட இல்லை. "இத்தனை வருஷம் தொடாததை இப்போ தொட்டா கியரே விழாது" என்கிறார் மெக்கானிக். என்ன செய்ய?

மெக்கானிக் பொய் சொல்லவில்லை, கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார். ஆனால் அவரிடம் எப்படிப்பட்ட வண்டிகள் வருகின்றன என்று யோசியுங்கள். கியர் வழுக்க ஆரம்பித்த பிறகுதான் பெரும்பாலோருக்கு ஆயில் ஞாபகமே வருகிறது. அதற்குள் கிளட்ச் பிளேட்டுகளின் உராய்வுப் பூச்சு தேய்ந்து, அந்தத் தூள் பழைய ஆயிலில் கலந்திருக்கும். மிச்சமிருக்கும் கொஞ்சம் பிடிப்புக்கு அந்தத் தூளும் உதவிக்கொண்டிருக்கலாம். புது ஆயில் ஊற்றினால் அதுவும் போய்விடலாம். புது ஆயிலில் உள்ள சுத்திகரிப்பு ரசாயனங்கள் படிந்த அழுக்கைக் கிளப்பி, ஆயிலை வேண்டிய கியருக்குத் திருப்பிவிடும் வால்வ் பாடியின் நுண்ணிய வழிகளில் அடைக்கவும் செய்யலாம். எப்படியும் சில மாதங்களில் படுக்கப்போகிற கியர்பாக்ஸ் ஒரு வாரத்தில் படுத்துவிடும், பழி ஆயில் மேல் விழும்.

அதனால் முதலில் வண்டியைக் கவனியுங்கள். பி-யிலிருந்து (பார்க்கிங்) டி-க்கு (டிரைவ்) மாற்றியதும் தாமதமின்றிப் பிடிக்கிறதா? கியர் ஏறும்போது வேகம் கூடாமல் எஞ்சின் சுற்று (ஆர்பிஎம்) மட்டும் எகிறுகிறதா? எல்லாம் சுத்தமாக இருந்தால் தைரியமாக மாற்றுங்கள். ஏற்கெனவே வழுக்குகிறது என்றால் ஆயில் அதற்கு மருந்தல்ல. அந்தக் காசை வைத்துக்கொண்டு, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மட்டுமே பிரித்து வேலை செய்பவரிடம் காட்டுங்கள்.

மாற்றும்போது மொத்தமாக வேண்டாம், தவணையாகச் செய்யுங்கள். ஆயிலை வடிக்கும் டிரெயின் பிளக்கைக் கழற்றினால் சுமார் இரண்டரை லிட்டர்தான் வரும். மீதி, எஞ்சின் சுழற்சியை கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள்ளும் மற்ற இடுக்குகளிலும் தங்கிவிடும். ஒரு தடவையில் 40 சதவீதம் மாறுகிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டாம் தடவையில் புதுசின் பங்கு 64, மூன்றாம் தடவையில் 78 சதவீதம் ஆகும். நடுவில் சில நூறு கிலோமீட்டர் ஓட்டிக்கொள்ளுங்கள். நான்காவது தடவைக்குச் செலவு செய்வது என்னைப் பொறுத்தவரை வீண். பழைய இசட்-1 ஆயிலுக்குப் பதிலாக ஹோண்டா கொண்டுவந்தது டிடபிள்யூ-1, அதையே ஊற்றுங்கள். பிளக் நுனியில் காந்தம் இருக்கும். அதில் மை போல சாம்பல் நிறப் பொடி ஒட்டியிருந்தால் சாதாரணம். செதில் செதிலாக இரும்பு இருந்தால் உள்ளே ஏதோ உடைகிறது. பிளக் வாஷரைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். சின்னச் செலவு என்று விட்டால் கசிவில் முடியும்.

சென்னை, அண்ணா நகர்: சார், மெஷின் ஃபிளஷ் செய்தால் ஒரே நாளில் முழு ஆயிலும் மாறிவிடும் என்கிறார்களே?

மாறும். கியர் ஆயிலைக் குளிர்விக்கும் கூலரின் குழாயைக் கழற்றி மெஷினோடு இணைப்பார்கள். ஒரு பக்கம் பழையது வெளியே வர, மறுபக்கம் புதுசு உள்ளே போகும். ஒழுங்காக ஆயில் மாற்றி வந்த வண்டிக்கு அதில் குறையில்லை. மேலே சொன்ன கோவைக்காரர் வண்டி மாதிரி வரலாறே தெரியாத வண்டிக்கு நான் சொல்லமாட்டேன். உங்கள் வண்டி எப்படியோ, பணம் கட்டுமுன் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். மெஷினில் இருப்பது உங்கள் காருக்கான ஆயிலா, எல்லா வண்டிக்கும் ஊற்றும் பொது ஆயிலா? அடியில் இருக்கும் ஆயில் தட்டை (பான்) கழற்றி ஃபில்டர் மாற்றுவீர்களா? ஃபில்டரைத் தொடாமல் ஃபிளஷ் மட்டும் செய்தால் அழுக்கு அங்கேயே இருக்கும். "முதலில் ஒரு கிளீனர் ஊற்றிக் கழுவுவோம்" என்று ஆரம்பித்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

யாழ்ப்பாணம்: எங்களிடம் உள்ளது டொயோட்டா கொரோலா 121. கராஜ்காரர் டபிள்யூஎஸ் எண்ணெய் புதுசு, நல்லது, அதையே விடுவோம் என்கிறார். விடலாமா அண்ணா?

வேண்டாம். டபிள்யூஎஸ் பிசுபிசுப்பு குறைந்த எண்ணெய், அதற்கென்று வடிவமைத்த கியர்பாக்ஸுக்கானது. உங்கள் வண்டியில் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை (டிப்ஸ்டிக்) உருவிப் பாருங்கள். என்ன எண்ணெய் என்று அதிலேயே பொறித்திருக்கும். டைப் டி-4 என்று இருந்தால் அதுதான்.

அளவு பார்ப்பதிலும் கவனம் தேவை. டொயோட்டாவில் வண்டி சூடான பிறகு, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, எல்லா கியருக்கும் ஒரு தடவை மாற்றி, பி-க்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும். ஹோண்டாவில் நேர்மாறு: சூடானதும் எஞ்சினை அணைத்து, ஒன்று ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். இரண்டு வண்டியையும் ஒரே மாதிரி பார்த்துவிட்டு "எண்ணெய் கூடிப்போச்சு, குறைஞ்சுபோச்சு" என்பவர்கள் நிறைய.

திருச்சி: ஆல்ட்டோ கே10 ஏஜிஎஸ். எத்தனை கிலோமீட்டருக்கு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) மாற்ற வேண்டும்?

உங்கள் வண்டியில் இருப்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சையும் கியரையும் காலுக்கும் கைக்கும் பதில் ஒரு கருவி இயக்குகிறது. அதற்கு மேனுவல் கியர் ஆயில், இயக்கும் கருவிக்குத் தனி ஹைட்ராலிக் ஆயில். இந்தப் பக்கத்தில் சொல்லும் எதையும் அதில் செய்துவிடாதீர்கள்.

பெட்டாலிங் ஜெயா: பழைய பிஎம்டபிள்யூ, ஆறு கியர். கியர் ஆயில் ஆயுள் முழுக்க மாற்றவே வேண்டாம் என்று போட்டிருக்கிறது.

அந்த கியர்பாக்ஸைச் செய்து கொடுத்தது இசட்எஃப் என்றால், அந்த நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் அல்லது எட்டு வருடத்தில் மாற்றச் சொல்கிறது. செய்தவன் பேச்சைத்தான் நான் கேட்பேன். பிளாஸ்டிக் பான் கொண்ட மாடல்களில் ஃபில்டர் பானோடு சேர்ந்தே வரும், முழுசாக வாங்க வேண்டும். டிப்ஸ்டிக் கிடையாது. ஆயிலின் சூட்டை ஸ்கேனரில் பார்த்துக்கொண்டு அளவு சரிசெய்ய வேண்டும் என்பதால் இதை வீட்டில் முயல வேண்டாம்.

மதுரை: வீட்டிலேயே ஹோண்டாவுக்கு மாற்றப் போகிறேன் சார். ஏதாவது எச்சரிக்கை?

ஊற்றும் வழியின் போல்ட்டை முதலில் தளர்த்திப் பாருங்கள். வடித்துவிட்டு, அந்த போல்ட் கழலவில்லை என்றால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள். வெளியே வந்த ஆயிலை அளந்து அதே அளவு ஊற்றுங்கள். கூடிப்போனால் நுரைத்து, அழுத்தம் குறைந்து, கியர் வழுக்கும்.

சேலம்: ஆயில் காபி நிறத்தில் இருக்கிறது. ஆபத்தா?

வெறும் நிறத்துக்குப் பயம் வேண்டாம். சிவப்பு காலப்போக்கில் பழுப்பாகும். கருகிய வாசனை வந்தால் கவலைப்படுங்கள். ரோஸ் மில்க் மாதிரி இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் ஓட்டையாகி கூலன்ட் கலந்திருக்கிறது. அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள்.

சென்னை, வேளச்சேரி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் என் வண்டி ஒரு நாள் முழுக்க நின்றது. எஞ்சின் ஆயில் மட்டும் மாற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இப்போது கியர் ஏறும்போது உதறுகிறது.

கியர்பாக்ஸுக்கு மூச்சுக்குழாய் ஒன்று உண்டு. தண்ணீர் அதற்கு மேல் ஏறினால் உள்ளே போகும். ஆயிலில் கலந்த தண்ணீர், கிளட்ச் பிளேட்டில் உராய்வுப் பூச்சைப் பிடித்திருக்கும் பசையைக் கெடுக்கும். இத்தனை நாள் ஓடிய பிறகு ஆயில் மாற்றினால் சரியாகும் என்று என்னால் நம்பிக்கை தர முடியாது. முதலில் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால் கலந்த மாதிரி இருந்தால் பிரித்துப் பார்ப்பதுதான் வழி. தெளிவாக இருந்தால் உதறலுக்கு வேறு காரணம் இருக்கலாம், எஞ்சினைத் தாங்கும் மவுண்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்த மழைக்கு மற்றவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். நீரில் நின்ற ஆட்டோமேட்டிக்கை ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். முன்சக்கரம் தரையில் உருள கயிறு கட்டி இழுக்கவும் விடாதீர்கள். எஞ்சின் ஓடாதபோது கியர்பாக்ஸின் பம்ப் சுற்றாது, உள்ளே ஆயில் போகாது. வண்டியை மொத்தமாக ஏற்றிப்போகும் ஃபிளாட்பெட்டைக் கூப்பிடுங்கள்.