தேக்காவில்தான் தங்க வேண்டுமா?

அன்புள்ள அக்காவுக்கு,

அடுத்த மாதம் வேலைக்காகச் சிங்கப்பூர் வருகிறேன். அலுவலகம் சாங்கி பிசினஸ் பார்க்கில். முதலில் ஒரு அறை எடுத்துத் தங்கிவிட்டு, அப்புறம் மனைவியையும் மகளையும் அழைத்து வரலாம் என்று நினைக்கிறேன். லிட்டில் இந்தியாவில் தங்கினால் நம் ஊர் மாதிரியே இருக்கும் என்கிறான் ஒரு நண்பன். வாடகை கூடினாலும் ரயில் நிலையத்தை ஒட்டித்தான் பார்க்க வேண்டும் என்கிறான் இன்னொருவன். யார் பேச்சைக் கேட்பது?

மதுரையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

இரண்டு பேர் பேச்சையும் கேட்க வேண்டாம். அலுவலகத்துக்குக் கிட்டே, பக்கத்திலேயே பேருந்து நிறுத்தம் இருக்கிற வீடாகப் பாருங்கள்.

உங்கள் அலுவலகத்துக்கு எக்ஸ்போ ரயில் நிலையத்தில் இறங்க வேண்டும். டௌன்டவுன் ரயில் தடத்தில், பக்கத்துக் குடியிருப்பு வட்டாரமான தெம்பனிஸிலிருந்து அது மூன்றாவது நிலையம். தேக்காவும், அதாவது உங்கள் நண்பர் சொல்லும் லிட்டில் இந்தியாவும், அதே தடத்தில்தான் இருக்கிறது. தெம்பனிஸில் குடியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கும் மாறாமல் போய் இறங்கி, தேக்கா சந்தையில் கறியும் மீனும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு மதியச் சமையலுக்குள் திரும்பிவிடலாம். வாரத்தில் ஒரு நாள் போகிற இடத்துக்காகத் தினமும் தீவின் பாதியைக் கடப்பானேன்?

ரயில் நிலையத்தை ஒட்டிய வீடு என்பதற்கு இங்கே வாடகை ஏறும். ஆனால் பேருந்துக்குத் தனியாக, ரயிலுக்குத் தனியாக என்று காசு போவதில்லை. மொத்தத் தூரத்துக்குத்தான் கட்டணம். இறங்கி 45 நிமிடத்துக்குள் அடுத்ததில் ஏறினால் அதே பயணமாகவே கணக்காகும். 2 மணி நேரத்துக்குள் ஐந்து முறை வரை மாறலாம். நான்கு நிறுத்தம் பேருந்தில் வந்து ரயில் பிடிப்பவருக்கு அந்தத் தூரத்துக்கு உண்டான சில காசுகள் (சென்ட்)தான் கூடும். வார நாளில் காலை 7.45க்குள் ரயில் நிலையத்தில் கட்டண அட்டையைக் கருவியில் தட்டி நுழைந்தால் 50 காசு வரை குறையவும் செய்யும்.

ஒன்றில் மட்டும் கவனம். பேருந்தில் ஏறும்போது மட்டுமல்ல, இறங்கும்போதும் தட்ட வேண்டும். மறந்தால் அந்தப் பேருந்தின் கடைசி நிறுத்தம் வரைக்குமான காசு போய்விடும். ஏறும்போது வங்கி அட்டை, இறங்கும்போது அதே அட்டை ஏற்றிய கைப்பேசி என்று தட்டினாலும் இரண்டும் வேறு வேறாகத்தான் பதிவாகும். எதில் ஏறினீர்களோ அதிலேயே இறங்குங்கள். அப்புறம், நிறுத்தத்தில் சும்மா நின்றால் பேருந்து போய்விடும். கையைக் காட்ட வேண்டும்.

சரி, வீட்டு விஷயம். நான் அதிகம் கவலைப்படுவது இதில்தான். படத்தைப் பார்த்துவிட்டு மதுரையிலிருந்தே முன்பணம் அனுப்பாதீர்கள். முதல் சில நாள் எங்காவது தங்கி, நேரில் பார்த்து எடுங்கள். வார நாள் காலை ஏழரைக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து அலுவலகம் வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். முகவர் சொல்லும் 'பத்து நிமிடம்' எவ்வளவு என்று அப்போது தெரியும். வீவக, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (HDB) கட்டிய வீட்டில் குறைந்தது ஆறு மாத ஒப்பந்தம். உங்கள் பெயர் வீவகவில் பதிவாக வேண்டும். வாடகைக்கு இருப்பவரே உள்வாடகைக்கு விடுகிறார் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அது விதிமீறல். முன்பணத்தை வீட்டுக்காரரிடம் நேரடியாகக் கொடுங்கள். வீவக வாடகையில் முகவர் அந்தப் பணத்தைக் கையில் வாங்கவே கூடாது. முத்திரைத் தீர்வை வாடகைதாரர் செலவு. அதில் மிச்சம் பிடிக்காதீர்கள், தீர்வை கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் சான்றாக ஏற்க மாட்டார்கள்.

சமைக்கலாமா என்பதை முதலிலேயே கேளுங்கள். 'லைட் குக்கிங்' என்று விளம்பரத்தில் இருந்தால் சில வீடுகளில் நூடுல்ஸ் வேகவைப்பதோடு சரி. சாம்பார் தாளிக்கலாமா, மீன் வறுக்கலாமா என்று பெயர் சொல்லியே கேட்டுவிடுங்கள். இந்தியர் என்றதும் அறை இல்லை என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அதைக் கேட்டால் எனக்கு மனம் கொதிக்கிறது. அவர்களிடம் கெஞ்சி நிற்காதீர்கள். மனதார வீடு கொடுக்கிறவர்கள் நிறைய பேர் உண்டு.

மகள் வந்ததும் வீட்டின் ஆறு இலக்க அஞ்சல் எண்ணை அவளுக்குச் சொல்லிக் கொடுங்கள். வீவக குடியிருப்புகளில் பெரும்பாலும் அதன் கடைசி மூன்று இலக்கம்தான் பிளாக் எண். வழி தவறினால் அதைச் சொன்னாலே போதும், யாரும் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள்.

அன்புடன்,
அக்கா