கொக்கோ விலை ஏறியிருக்கும் நேரத்தில் செறிவான சொக்கலேட் புடிங் செய்வது எப்படி?

கேள்வி இதுதான்: "கொக்கோத்தூள் விலையைக் கேட்டாலே பயமாக இருக்கிறது. மகளின் பிறந்தநாளுக்கு நல்ல செறிவான சொக்கலேட் இனிப்பு ஒன்று செய்ய வேண்டும். கொக்கோவைப் பாதியாகக் குறைத்தால் சுவை கெடுமா?"

கெடும். பாதியாகக் குறைத்தால் கிடைப்பது சொக்கலேட் புடிங் அல்ல, மண்ணிறத்தில் ஓர் இனிப்புக் களி. அதை நானே செய்து, நானே தின்று தீர்த்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

நான் இருப்பது மட்டக்களப்பு, கல்லடியில். வீட்டிலிருந்தபடி ஓடருக்குக் கேக்கும் புடிங்கும் செய்து கொடுக்கிறேன். 2024 இல் ஒரு நாள், வழக்கமாக வாங்கும் கொக்கோ உறையைக் கையில் எடுத்து, விலையைப் பார்த்துவிட்டுத் திரும்பத் தட்டிலேயே வைத்தேன். அந்த வாரம் வந்த ஓடருக்குக் கொக்கோவைப் பாதியாக்கி, மீதி நிறத்துக்கு மால்ட் பானமாவைக் கொட்டினேன். வாங்கிப் போன மாமி குறை எதுவும் சொல்லவில்லை. "பிள்ளை, இந்த முறை பால் கூடிவிட்டதோ?" என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு கேள்விக்குப் பிறகு நான் அந்த வேலையைச் செய்யவில்லை.

விலை ஏன் ஏறியது என்று தெரிந்தால் கடைக்காரர் மீதுள்ள கோபமாவது தணியும். உலகத்தின் கொக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டே நாடுகளிலிருந்து வருகிறது. 2023 இல் அங்கே அளவுக்கு மிஞ்சி மழை பெய்து, காய்கள் மரத்திலேயே கறுத்து அழுகின. பின்னாலேயே எல் நினோவின் வறட்சி வந்தது. போதாததற்கு, மாப்பூச்சிகள் பரப்பும் தண்டு வீக்க வைரஸ் ஒன்று இருக்கிறது. அதற்கு மருந்து கிடையாது, மரத்தை வெட்டித்தான் ஆகவேண்டும். புதிதாக நட்ட கன்று காய்க்க மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் எடுக்கும். நெடுங்காலமாக அற்ப விலைக்கு விற்றுவந்த விவசாயியிடம் கிழட்டு மரங்களைப் பிடுங்கிப் புதிதாக நடக் காசும் இல்லை. 2023 தொடக்கத்தில் தொன் ஒன்று 2,600 டொலர் அளவில் இருந்தது, 2024 டிசம்பரில் 12,000 ஐத் தாண்டியது. 2025 முடிவதற்குள் ஏறத்தாழப் பாதிக்கு இறங்கியும் விட்டது. ஆனால் எங்கள் ஊர்க் கடைக்கு ஏறும் விலை பஸ்ஸில் வரும், இறங்கும் விலை நடந்துதான் வரும்.

"மாத்தளையில் கொக்கோ விளைகிறதே, இங்கே நட்டால் என்ன?" என்று என் தம்பி கேட்டான். கொக்கோ மரத்துக்கு நிழலும் வேண்டும், ஆண்டு முழுவதும் விட்டு விட்டு மழையும் வேண்டும். எங்களுக்கு ஐப்பசி முதல் தை வரை வானம் கொட்டித் தீர்த்துவிடுகிறது. பிறகு கச்சான் என்னும் வறண்ட காற்று அடிக்கும் மாதங்களில் தென்னையே தலை தொங்கி நிற்கிறது. அந்த யோசனையை விட்டுவிடலாம்.

இப்போது உங்கள் புடிங். கொக்கோவைக் குறைக்காதீர்கள், கிண்ணத்தைக் குறையுங்கள். பெரிய தட்டு நிறையச் செய்து ஆளுக்கு ஒரு கட்டி வெட்டிக் கொடுக்கும் வழக்கத்தை விட்டு, பிளேன்டீ குடிக்கும் சிறிய கண்ணாடிக் கோப்பைகளில் செய்யுங்கள். செறிவான இனிப்பில் ஐந்தாறு கரண்டிக்கு மேல் யாரும் ஆசையாகச் சாப்பிடுவதில்லை. தட்டில் மிஞ்சிப்போவதும் கொக்கோதானே.

நான் செய்வது எல்லோருக்கும் தெரிந்த சொக்கலேட் பிஸ்கட் புடிங்தான். ஆறு கோப்பைக்கு 40 கிராம் கொக்கோ, 100 கிராம் பட்டர், 100 கிராம் ஐசிங் சீனி, இருபத்துநான்கு மாரி பிஸ்கட், தோய்க்க அரைக் கோப்பை இளஞ்சூட்டுப் பால், மேலே தூவ வறுத்து நொறுக்கிய கஜு. பட்டருக்குப் பதில் மாஜரின் போட்டால் மேலண்ணத்தில் ஒரு படலம் ஒட்டிக்கொள்ளும். பச்சை முட்டை அடித்துச் சேர்ப்பவர்கள் உண்டு. எங்கள் வெயிலில், அதுவும் பிள்ளைகளின் விருந்துக்கு, நான் சேர்ப்பதில்லை.

பலர் தவறவிடும் இடம் கொக்கோவைச் சேர்க்கும் விதம். தூளை அப்படியே பட்டரில் கொட்டி அடித்தால் அதன் மணத்தில் பெரும்பகுதி உள்ளேயே உறங்கிவிடும். முதலில் கொதிக்கக் கொதிக்க 60 மில்லிலீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உடனடிக் கோப்பித்தூளைக் கரைத்து, அதைக் கொக்கோவில் ஊற்றிக் கட்டியில்லாமல் குழையுங்கள். ஒரு சிட்டிகை உப்பும் போடுங்கள். குசினி முழுவதும் மணம் எழும்பும். கோப்பியின் சுவை தனியாகத் தெரியாது, கொக்கோவின் கசப்பைத் தாங்கிப் பிடித்து அதை இன்னும் ஆழமாக்கிக் காட்டும். கோப்பித்தூள் விடயத்தில் ஓர் எச்சரிக்கை: ஒருமுறை அவசரத்தில் அம்மாவின் போத்தலிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டேன். அது மல்லியும் சுக்கும் சேர்த்து இடித்த தூள். புடிங் தடிமனுக்குக் குடிக்கும் மருந்து போல இருந்தது.

குழைத்தது முழுவதும் ஆறட்டும். ஆறுவதற்குள் பட்டரையும் ஐசிங் சீனியையும் வெளுக்கும் வரை அடித்து, கொக்கோக் குழைவைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்து அடியுங்கள். மட்டக்களப்பில் நண்பகலில் இதைச் செய்யாதீர்கள், பட்டர் எண்ணெயாகிவிடும். நான் விடியற்காலையில் செய்கிறேன். கலவை திரிந்து பிரிந்தால் பதற வேண்டாம், கிண்ணத்தோடு பத்து நிமிடம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு மறுபடி அடித்தால் சேர்ந்துகொள்ளும். பிஸ்கட்டை இரண்டாக உடைத்து, பாலில் தோய்த்த வேகத்தில் எடுத்து அடுக்க வேண்டும். ஊற விட்டால் கூழ்தான். ஒரு அடுக்கு பிஸ்கட், ஒரு அடுக்கு கலவை, கடைசியில் கஜு. ஓர் இரவு குளிரில் இருந்தால் போதும்.

எந்தக் கொக்கோ வாங்குவது? நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். கறுப்பாக இருப்பது புளிப்பை முறிக்கும் காரப்பொருள் (அல்கலி) சேர்த்துப் பதப்படுத்தியது, டச்சு முறை என்பார்கள். புளிப்பு அடங்கி மென்மையாக இருக்கும், ஆனால் கறுப்புக் கூடினால் சொக்கலேட் கூடியதாக அர்த்தமில்லை. இந்தப் புடிங்குக்கு இரண்டு வகையும் சரி. உறையின் பின்புறத்தில் கொழுப்பின் அளவைப் பாருங்கள். 10 முதல் 12 வீதம் உள்ளது மலிவு, 20 வீதத்துக்கு மேல் உள்ளது வாயில் நிறைந்து நிற்கும். "சொக்கலேட் பானம்" என்று எழுதியிருந்தால் அதில் பெரும்பகுதி சீனி, கீழே வைத்துவிடுங்கள். பார் வாங்கி உருக்குவதாக இருந்தால், கொக்கோப் பட்டருக்குப் பதில் தாவர எண்ணெய்க் கொழுப்பு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எங்கள் வெயிலில் உருகாமல் நிற்கும் என்பதால் கேக் அலங்காரத்துக்கு அது உதவும், நானும் பயன்படுத்துகிறேன். புடிங்குக்கு மட்டும் வேண்டாம். கொக்கோப் பட்டர் நம் உடல் சூட்டை ஒட்டிய வெப்பத்தில் உருகுவதால்தான் சொக்கலேட் நாவில் கரைகிறது. மற்றது மெழுகுபோல ஒட்டிக்கொண்டு நிற்கும்.

சின்னக் கோப்பை ஆறு பேருக்குச் சரி, பிறந்தநாளுக்கு இருபது பேர் வந்தால்? அப்போதும் புடிங்கை நீட்டாதீர்கள். பிள்ளைகளுக்குக் கோப்பைகளைக் கொடுத்துவிட்டு, பெரியவர்களுக்கு வட்டிலப்பம் வையுங்கள், அதில் கொஞ்சம் கொக்கோ சேர்த்து. காத்தான்குடியில் எனக்குப் பழக்கமான ராத்தா ஒருவர் 2022 இல் எனக்கு வட்டிலப்பம் பழக்கினார். பால்மாவும் பட்டரும் கிடைக்காமல் நாடே வரிசையில் நின்ற ஆண்டு அது. ஆகஸ்டில் இறக்குமதியை நிறுத்திய முந்நூறு பொருட்களில் சொக்கலேட்டும் ஒன்று. முட்டையும் தேங்காயும் மட்டும் எப்படியோ கிடைத்தன.

250 கிராம் கித்துள் பனையின் கருப்பட்டியைச் சிறிது தண்ணீரில் உருக்கி வடிகட்டுங்கள். சூடாக இருக்கும்போதே 20 கிராம் கொக்கோவை அதில் குழைத்து ஆற விடுங்கள். ஐந்து முட்டையை நுரைக்காமல் கலக்கி, 300 மில்லிலீற்றர் தேங்காய் முதற்பால், ஏலக்காய், துளி சாதிக்காயுடன் சேர்த்து மறுபடி வடித்து, மூடி கட்டி, சிறு தீயில் முக்கால் மணி நேரம் அவியுங்கள். தீ கூடினால் உள்ளே துளை துளையாகிவிடும். கித்துள் நல்லதாக இருக்க வேண்டும், சீனி கலந்த கருப்பட்டியில் இனிப்பு மட்டுமே இருக்கும். நல்ல கித்துளுக்குப் புகையும் லேசான கசப்பும் சொந்தமாகவே உண்டு, அதனால் இத்தனை குறைந்த கொக்கோ அங்கே நீர்த்துப்போவதில்லை. பத்துப் பேருக்குத் தாராளமாகக் காணும்.

கொக்கோ சேர்ப்பது என் யோசனை. ராத்தாவுக்கு முதலில் பிடிக்கவில்லை, வட்டிலப்பத்தைக் கெடுக்கிறாய் என்றார். பிறகு ஒரு பெருநாளைக்கு அவரே அப்படிச் செய்து, சொல்லாமல் தன் உம்மாவுக்குக் கொடுத்திருக்கிறார். உம்மா இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டு, "இந்த முறைக் கித்துள் நல்ல கித்துள், எங்கே வாங்கினாய்?" என்று கேட்டாராம்.