விற்ற நிலத்தின் மண்ணை ஆராயும் வேலை: ராயக்கோட்டைத் தந்தை ஒருவருக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கடிதத்தில் முக்கியமாக இரண்டு கேள்விகள் இருந்தன. பக்கத்துத் தோட்டத்தை ஒரு நிறுவனம் வாங்கியபின் அங்கே வந்து துளையிட்டு, மண்ணைக் கண்ணாடிப் புட்டிகளில் அடைத்து, ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துச் சென்றவர்களைப் பார்த்ததிலிருந்து, பன்னிரண்டாம் வகுப்பை முடித்த தங்கள் மகள் அந்த வேலைக்கான படிப்பைத்தான் படிப்பேன் என்கிறார். அது காலத்துக்கும் சோறு போடுமா என்பது முதல் கேள்வி. எந்தப் பட்டப்படிப்பில் சேர்க்க வேண்டும் என்பது இரண்டாவது. வேலை இன்னதென்று தெரிந்தால் படிப்பைத் தேர்ந்தெடுப்பது எளிது என்பதால், முதலில் வேலையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பயிர் செய்த நிலம் தொழிற்சாலையாகவோ வீட்டுமனையாகவோ பள்ளிக்கூடமாகவோ மாறுவதற்கு முன், அதன் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் மனிதருக்குக் கேடு செய்யக்கூடிய பொருள் தங்கியிருக்கிறதா என்று ஆராய்ந்து அறிக்கை தருவதே அது. எவ்வளவு உரம் இட வேண்டும் என்று சொல்லும் மண் பரிசோதனையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தாங்கள் வைத்திருக்கும் மண்வள அட்டையில் கார அமில நிலை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம், தழை மணி சாம்பல் சத்துகள், கந்தகம், துத்தநாகம், போரான் உள்ளிட்ட 12 அளவுகள் இருக்கும்; பூச்சிமருந்தின் எச்சமோ ஈயமோ ஆர்சனிக்கோ அதில் வராது. பயிருக்கு உகந்தது என்று அட்டை சொன்ன நிலத்தின் மேல் நாளை ஒரு குழந்தை விளையாடப் போகிறது என்றால், கேட்க வேண்டிய கேள்விகள் வேறு.

ஆலை எதுவும் இருந்திராத வெறும் விளைநிலத்தில் என்ன மாசு இருந்துவிடும் என்று தாங்கள் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஆப்பிள் தோட்டங்களுக்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1940களின் பிற்பகுதி வரை ஈய ஆர்சனேட் என்ற மருந்தைத் தெளித்தார்கள். பிறகு அந்த மருந்தையும் விட்டார்கள், பல இடங்களில் தோட்டங்களையும் அழித்துவிட்டு வீடுகளும் பள்ளிகளும் கட்டினார்கள். ஈயமும் ஆர்சனிக்கும் தனிமங்கள் ஆதலால் சிதைந்து மறையாமல் மேல்மண்ணிலேயே தங்கிவிட்டன, அரை நூற்றாண்டு கழித்துப் பள்ளி வளாகங்களின் மண்ணை அகற்றவோ மூடவோ வேண்டியதாயிற்று. நம் நாட்டின் கதை அதுவே என்று சொல்ல வரவில்லை. இங்கே டிடிடி என்ற பூச்சிமருந்து 1989இல் விவசாயப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டது. பிஎச்சி 1997இலும், எண்டோசல்பான் உச்ச நீதிமன்ற ஆணைப்படி 2011இலும் தடை செய்யப்பட்டன. டிடிடி மண்ணில் பாதியாகக் குறைவதற்கே 2 முதல் 15 ஆண்டுகள் வரை ஆகலாம் என்பதையும், அது சிதைந்து உண்டாகும் டிடிஇ அதைப் போலவே நீடித்து நிற்கக்கூடியது என்பதையும் பார்த்தால், தாத்தா காலத்துத் தெளிப்பு பேரன் காலத்து ஆய்வில் தென்படுவதில் வியப்பில்லை.

நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கென்று தனிக் கேள்விகளும் உண்டு. மாந்தோப்பில் பூப்பிடிக்க வைக்க வேர்ப்பகுதியில் ஊற்றும் பாக்லோபியூட்ரசால் மண்ணில் நெடுநாள் தங்கும். போர்டோ கலவை போன்ற தாமிரப் பூஞ்சைக்கொல்லிகளைத் தொடர்ந்து அடித்த நிலத்தின் மேலடுக்கில் தாமிரம் சேரும். ஓசூர்ப் பக்கத்து ரோஜாப் பசுமைக்குடில்களில் ஆண்டு முழுவதும் மருந்து அடிக்கிறார்கள். பெங்களூருவின் கழிவுநீர் கலந்து கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்க வரும் தென்பெண்ணையின் நீரைப் பல ஆண்டுகள் பாய்ச்சிய வயலில் கன உலோகங்களைத் தேடாமல் விடுவது சரியன்று.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்ல வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு மிகுந்திருப்பது ஊரறிந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். இந்தியக் குடிநீர்த் தரம் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீராதாரம் இல்லாதபோது 1.5 மில்லிகிராமை உச்ச வரம்பாகவும் வைக்கிறது. அதற்கு மேல் காட்டும் நீரைப் பார்த்தவுடனே 'நில உரிமையாளர் மாசுபடுத்திவிட்டார்' என்று எழுதுபவர், அந்தப் புளோரைடு இங்குள்ள பாறைகளிலிருந்தே கரைந்து வருகிறது என்பதை அறியாதவர். இயற்கையில் உள்ளது எது, மனிதர் சேர்த்தது எது என்று பிரித்துச் சொல்வதற்குத்தான் இந்தத் தொழிலில் ஊதியம் தருகிறார்கள்; கருவி காட்டும் எண்ணைப் படித்துச் சொல்ல அதிகம் படித்திருக்க வேண்டியதில்லை.

ஆய்வு முதலில் காகிதத்தில்தான் நடக்கும். மருத்துவர் இரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தருமுன் நோயாளியின் கதையைக் கேட்பது போல, முதற்கட்டத்தில் நிலத்தின் கதையைக் கேட்கிறார்கள். சிட்டா, அடங்கல், அ-பதிவேடு, புல வரைபடம், வில்லங்கச் சான்று, பழைய நில அளவை வரைபடங்கள், பல ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்கள் ஆகியவற்றை அடுக்கிப் பார்த்து, எந்தப் பசலியில் என்ன பயிர், எங்கே கொட்டகை இருந்தது, எப்போது மரம் வெட்டப்பட்டது என்று ஒரு வரலாறு எழுத வேண்டும். பிறகு நிலத்தை நடந்து பார்க்க வேண்டும். உழுதவர்களிடமும் மருந்து அடித்தவர்களிடமும் பேச வேண்டும். பன்னாட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் பின்பற்றும் அமெரிக்க ஏஎஸ்டிஎம் இ1527 என்ற நெறிமுறையின்படி, இந்த முதற்கட்டத்தில் ஒரு பிடி மண் கூட எடுக்க வேண்டியதில்லை. ஐயத்துக்கு இடம் இருந்தால் மட்டுமே இரண்டாம் கட்டமாக மண்ணெடுக்கிறார்கள். தங்கள் மகள் பார்த்தது அந்த இரண்டாம் கட்டமாக இருக்கக்கூடும்.

இங்கேதான் விவசாய வீட்டுப் பிள்ளைக்கு நகரத்துப் பிள்ளைக்குக் கிடைக்காத அனுகூலம் ஒன்று இருக்கிறது. நிலம் முழுவதும் பரவலாக அடித்த மருந்தின் எச்சம் பெரும்பாலும் குறைவாகவும் ஏறக்குறைய சீராகவும் இருக்கும். ஆபத்தான அளவு கிடைப்பது, மருந்து கலக்கிய தொட்டியருகில், தெளிப்பானைக் கழுவிய இடத்தில், காலி டப்பாக்களை எரித்த குழியில், டீசல் சிந்திய மோட்டார் கொட்டகையின் தரையில். இவை எந்த வரைபடத்திலும் குறிக்கப்பட்டிருப்பதில்லை. வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடியது, களம் எங்கே இருந்தது என்று பார்த்தாலே கலக்கிய இடத்தை ஊகிக்கக் கற்றவர், கட்டம் போட்டு ஐம்பது இடத்தில் தோண்டுபவரைவிடச் சீக்கிரம் உண்மையை எட்டுவார்.

இவற்றிலும் முதலிடம் கொடுத்துத் தேட வேண்டியது தூர்ந்த கிணறு. நீர் வற்றிய திறந்த கிணறு பல ஊர்களில் குப்பைக் குழியாக மாறி, நிலத்தை விற்கும் சமயத்தில் மண்ணைத் தள்ளி மூடப்படுகிறது. மருந்து டப்பா, பழைய பேட்டரி, கழிவு எண்ணெய், சில சமயம் வெளியார் இரவில் கொண்டுவந்து கொட்டியது என எல்லாம் அதற்குள் கிடக்கும். மேலே பார்த்தால் சமதரை. நம் பகுதியில் நிலத்தடி நீர் சிதைந்த பாறை அடுக்கிலும் அதற்கும் கீழே கடினப் பாறையின் வெடிப்புகளிலும் ஓடுவதால், கிணற்றுக்குள் கிடப்பது மேல்மண்ணின் வடிகட்டலுக்கு உட்படாமல் நேரே அந்த வெடிப்புகளுக்குள் இறங்கி, எதிர்பாராத திசையில் இருக்கும் ஆழ்துளைக் கிணற்றில் தலைகாட்டக்கூடும். அடங்கலில் பாசன ஆதாரம் கிணறு என்று எழுதியிருந்து, நிலத்தில் கிணறு இல்லையென்றால், அது எங்கே போனது என்று கேட்டே ஆக வேண்டும்.

மண்ணெடுப்பதிலும் ஒழுங்கு வேண்டும். மேலடுக்கையும் அதற்குக் கீழ் அடுக்கையும் தனித்தனியே எடுப்பது, ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் இடையே துளைப்பானைக் கழுவுவது, கரிம நச்சுகளுக்கான மாதிரியை அடர்பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் அடைத்துக் குளிரில் வைப்பது, புட்டி யார் கையிலிருந்து யார் கைக்கு எந்த நேரத்தில் மாறியது என்று படிவத்தில் எழுதிக் கையொப்பம் வாங்குவது, சரிபார்ப்புக்காக இரட்டை மாதிரி அனுப்புவது ஆகியவை சலிப்பூட்டும் வேலைகள். ஆய்வகம் எவ்வளவு விலையுயர்ந்த கருவி வைத்திருந்தாலும் தவறாக எடுத்த மாதிரியை அதனால் திருத்த முடியாது. பொறுமையும் கையெழுத்துச் சுத்தமும் உள்ள பெண் என்று தாங்கள் மகளைப் பற்றி எழுதியிருந்ததை, மதிப்பெண்ணைவிட நான் முக்கியமாக எடுத்துக்கொண்டேன்.

இனி வருமானம். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் பெறும்போது சாலை அகலமும் பூங்கா இடமும் கேட்கப்படும் அளவுக்கு மண்ணில் உள்ள மருந்து எச்சம் வழக்கமாகக் கேட்கப்படுவதில்லை. ஆகவே சிறிய மனை வணிகர்களை நம்பி இந்தத் தொழிலில் இறங்க முடியாது. வேலை தருபவர்கள் முக்கியமாகப் பெரிய நிறுவனங்கள், அவற்றுக்குக் கடன் கொடுப்போர், அவர்களுக்கு ஆய்வு செய்துதரும் ஆலோசனை நிறுவனங்கள், அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்கள். ஓசூர், சூளகிரி, போச்சம்பள்ளி வட்டாரங்களில் ஆலை கட்ட வரும் நிறுவனம், நிலம் தன் கைக்கு வந்த நாளில் எந்த நிலையில் இருந்தது என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறது. பத்தாண்டு கழித்து ஊரார் கிணற்றில் ஏதாவது வந்தால், பழையது எது, தான் செய்தது எது என்று காட்ட அந்த அறிக்கை வேண்டும். அதே அறிக்கை ஊராருக்கும் பயன்படும் என்பதைத் தங்களைப் போன்ற அண்டை நிலத்தார் நினைவில் வைக்க வேண்டும்.

சட்டமும் மெல்ல நெருங்கி வருகிறது. 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டுமானங்களுக்கு 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி முன் அனுமதி வேண்டும். மாசடைந்த இடங்களைக் கண்டறிந்து, முதனிலை ஆய்வும் பிறகு விரிவான ஆய்வும் நடத்தி, பொறுப்பானவரைக் கொண்டு சீர்செய்விப்பதற்கான தனி விதிகளை ஒன்றிய அரசு 2025 ஜூலையில் வெளியிட்டது. ஆட்கள் தேவைப்படுவது இதனால் கூடும் என்பது என் மதிப்பீடு. தொடக்கச் சம்பளம் மென்பொருள் நிறுவனத்தில் சேரும் வகுப்புத் தோழியின் சம்பளத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அறிக்கையில் கையொப்பமிடும் தகுதி வந்தபின்தான் நிலை மாறும். அதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

படிப்பைப் பொறுத்தவரை என் கருத்து சற்று மாறுபட்டது. பெயரிலேயே 'சுற்றுச்சூழல்' உள்ள இளநிலைப் படிப்பைத் தேடி அலைய வேண்டாம். ஆழமான ஓர் அடிப்படை அறிவியலை இளநிலையில் எடுத்து, சுற்றுச்சூழலை முதுநிலையில் எடுப்பது நல்லது. ஏனெனில் இந்த வேலை கிடைக்காவிட்டாலும் அடிப்படைப் பட்டம் வேறு கதவுகளைத் திறந்து வைத்திருக்கும். மகள் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கும் படித்திருப்பதால் எல்லா வழியும் அவருக்குத் திறந்தே உள்ளன.

முதல் பரிந்துரை, பள்ளியில் படித்த புவியியல் அன்று. பாறையையும் நிலத்தடி நீரையும் கற்பிக்கும் நிலவியல். விண்ணப்பத்தில் 'ஜியாலஜி' என்று பார்த்துச் சேர்க்கவும், 'ஜியாகிராபி' வேறு துறை. சேலம் அரசு கலைக் கல்லூரியில் அந்தத் துறை உண்டு, முதுநிலைக்குச் சேலம் பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. இதில் முதுநிலைப் பட்டத்துடன் ஒன்றியத் தேர்வாணையத்தின் புவி அறிவியலாளர் தேர்வை எழுதி, இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கோ மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கோ செல்லலாம். தங்களுக்குள்ள அரசு வேலை ஆசைக்கும் அது வழி. இரண்டாவது, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இளநிலை வேளாண்மையும், அதன்பின் மண்ணியல் அல்லது சுற்றுச்சூழல் அறிவியலில் முதுநிலையும்; இடம் கிடைத்தால் இதை மறுக்க வேண்டாம். பொறியியலில் ஆர்வமிருந்தால் சிவில் அல்லது கெமிக்கல் படித்துவிட்டு, சுற்றுச்சூழல் பொறியியலில் முதுநிலை சேரலாம். பொறியியல் முதுநிலைச் சேர்க்கைக்கான கேட் தேர்வில் 2021 முதல் சுற்றுச்சூழல் அறிவியலுக்கும் பொறியியலுக்கும் தனித் தாள் உள்ளது. வேதியியல் பட்டம் ஆய்வகத்துக்குள் இருக்க விரும்புபவர்களுக்கு ஏற்றது. எதைப் படித்தாலும் செயற்கைக்கோள் படங்களைக் கையாளும் ஜிஐஎஸ் மென்பொருளும், தெளிவாக ஆங்கிலத்தில் அறிக்கை எழுதும் பழக்கமும் வேண்டும். இரண்டாவதைக் கல்லூரிகள் கற்றுத்தருவதில்லை.

பெண்பிள்ளை வெயிலில் காடுமேடு அலைவதா என்று தங்கள் மனைவி கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அலைய வேண்டியிருக்கும், அதை மறைக்க மாட்டேன். களவேலை பெரும்பாலும் குழுவாக, பகலில் நடக்கும். ஆனால் கழிப்பறை இல்லாத இடங்களும், வெளியூரில் தங்க வேண்டிய நாட்களும் வரும். வேலையில் சேருமுன் களத்துக்கு உடன் யார் வருவார்கள், தங்குமிடம் யார் பொறுப்பு, கையுறையும் காலணியும் நிறுவனம் தருமா என்று கேட்பது பெண்ணின் உரிமை. அந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கும் நிறுவனத்தில் சேர வேண்டாம். சில ஆண்டுகளுக்குப் பின் ஆய்வகம், அறிக்கை, தரச்சரிபார்ப்பு என்று அலுவலகப் பக்கம் நகரவும் இடமுண்டு.

சேர்க்கைக்கு முன் சான்றிதழ்களை எடுத்து வைத்துவிடுங்கள். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்தவர் என்பதால், பொறியியல், வேளாண்மை போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுக்கு உரியவர். அதற்கான சான்றைத் தலைமையாசிரியரிடம் வாங்க வேண்டும். வீட்டில் முதல் பட்டதாரி என்பதற்கான சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள். ஒன்றாம் வகுப்பு முதல் தமிழ்வழியில் படித்த சான்றுகளையும் பள்ளியிலேயே பெற்றுவிடுங்கள், பட்டப்படிப்பையும் தமிழ்வழியில் முடித்தால் மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமைக்கு அவை தேவைப்படும். இவற்றோடு மதிப்பெண் பட்டியலின் நகலையும் எடுத்துக்கொண்டு மகளும் தாங்களுமாக ஒரு சனிக்கிழமை வாருங்கள். கல்லூரி விருப்பப் பட்டியலை எந்த வரிசையில் நிரப்புவது என்று மூவரும் உட்கார்ந்து முடிவு செய்வோம்.